247 எழுத்தும் தெரியும், ‘படம்’ படிக்கத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை ‘படம்’ என்ற சொல்லில் திணறுவது மதுரைப் பக்கப் பள்ளிகளில் புதிதல்ல. ஒப்பிப்பது வேறு, வாசிப்பு வேறு. முதலில் காது பழக வேண்டும். ‘நகரம்’ என்பதில் ‘ந’வை எடுத்தால் மிச்சம் என்ன? தாளே வேண்டாம், தினம் ஐந்து நிமிடம் போதும். பிறகு ட, ப, ம, ர, ல ஐந்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், மடல், பட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். நெடுங்கணக்கு, அதாவது முழு எழுத்து வரிசை, முடியட்டும் என்று காத்திருப்பது வீண்.

பெரிய சிக்கல் கொம்பில்தான். பேருந்துப் பலகையில் ‘சோழவந்தான்’ பாருங்கள். இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ‘ச’வுக்குப் பின்னால் வருகிறது. போதாக்குறைக்குத் துணைக்காலை ‘ர’ என்று எண்ணி ‘சேரழ’ என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. கொம்பு, ச, கால் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி, ‘சோ’ என ஒரே ஒலியாகப் பழக்க வேண்டும். துண்டு துண்டாகச் சொன்னால் குழப்பம் கூடும்.

எழுத்தெழுத்தாக இழுத்தால் வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். நான்கு வரிப் பத்தி ஒன்றையே மூன்று நாள் வாசிக்க விடலாம். மனப்பாடமோ என்ற சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வீட்டில் ‘வந்துச்சு’ கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘வந்தது’ புதுச் சொல். கதை படித்துக் காட்டினால்தான் அது பழகும். பள்ளி பீரோவில் பூட்டிக் கிடக்கும் கதைப் புத்தகங்களை வகுப்பறைக் கம்பியில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டுகிறோம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மேலூர், மதுரை மாவட்டம்.