புள்ளி இருக்கட்டும், மாப்ளே

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி ஏற அவசரப்படாதே. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி ஒன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். ஸ்டூடியோவை இப்போது முழுக்கத் தம்பி மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதோடு சரி.

அப்புறம், நீ கேட்ட சங்கதி. மகன் வாங்கிக் கொடுத்த 55 இஞ்ச் டிவியில், ரோமாபுரி அடிமைகள் புரட்சி செய்கிற அந்த 1960 படம் ‘ஸ்பார்டகஸ்’ போட்டுப் பார்த்தாயாம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஊர்கிறதாம், மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டையாம், டிஸ்க் கோளாறு என்று சொல்லி மகன் திருப்பி அனுப்பப் பார்க்கிறானாம். தயவுசெய்து அனுப்பிவிடாதே. அவனிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டு வந்து மீதிக் கடிதத்தைப் படி.

அந்தப் புள்ளிதான் மாப்ளே படமே. காலேஜ் விட்டதும் நீ நேராக ஸ்டூடியோவுக்கு வந்து டார்க் ரூமில் என் பக்கத்தில் நிற்பாயே, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு பல்பு வெளிச்சத்தில், டெவலப்பர் தட்டில் கிடக்கிற வெள்ளைப் பேப்பரில் ஒரு முகம் மெல்ல எழும்பி வரும். பாஸ்போர்ட் சைஸில் வழவழவென்று தெரிகிற அதே முகத்தை, என்லார்ஜரை உயர்த்திப் பெரிதாகப் போட்டால் பொடி மணல் தூவினாற்போல இருக்கும். ஃபிலிமில் பூசியிருக்கிற வெள்ளி உப்புத் துகள்கள் வெளிச்சம் பட்ட இடத்தில் கறுத்து, அந்தத் துகள்கள் கூடித்தான் கண்ணும் மூக்கும் மயிரும் ஆகின்றன. கலர் ஃபிலிமில் வெள்ளியைக் கழுவி எடுத்துவிடுவார்கள், அதன் இடத்தில் சாயம் நிற்கும். அதுவும் துகள் துகளாகத்தான் நிற்கும். கிரெய்ன் என்போம். சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் துகள்கள் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கும். அதைத்தான் நீ ஊர்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

இந்தப் படத்துக்கு ஒரு கதையே உண்டு. 2010-இல் இதன் ப்ளூரே டிஸ்க் ஒன்று வந்தது. அதையும் வைத்திருக்கிறேன். அதில் நீ சொல்கிற புள்ளி கிடையாது, கம்ப்யூட்டரில் போட்டுத் துடைத்துவிட்டார்கள். ஸ்பார்டகஸும் கறுப்பு வீரன் டிராபாவும் தங்கள் முறைக்காக அந்தச் சின்ன மரக்கூண்டுக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்களே, அந்த இடத்தை அந்தப் பழைய டிஸ்க்கிலும், உன்னிடம் இருப்பது மாதிரியான புது டிஸ்க்கிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெளியே முதல் ஜோடி சண்டை போடுகிற சத்தம். உள்ளே பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுகிறது. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது, முகம் மட்டும்தான் நடிக்கிறது. பழைய டிஸ்க்கில் கிர்க் டக்ளஸின் கன்னம் மெழுகில் வார்த்தது மாதிரி இருக்கிறது. வியர்வை இருக்கிறது, வியர்வை துளிர்க்கிற தோல் இல்லை. புது டிஸ்க்கில் மயிர்க்கால் தெரிகிறது, பலகையின் ரேகை தெரிகிறது. டிராபாவாக நடித்த வுடி ஸ்ட்ரோட் பார்வையை விலக்கிக்கொள்கிறபோது கண்ணுக்குக் கீழே இருக்கிற சதை லேசாக அசைவதுகூடத் தெரிகிறது. எவ்வளவோ தடவை பார்த்த படம், அந்த அசைவை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த 2010 டிஸ்க்கைப் பார்த்துவிட்டுப் பழைய படங்களை நேசிக்கிறவர்கள் பலமாகச் சண்டை போட்டார்கள். சண்டைக்குப் பலன் இருந்தது. 2015-இல் 6கே அளவில், அதாவது ஃப்ரேமின் குறுக்கே ஏறக்குறைய ஆறாயிரம் கட்டமாகப் பிரித்து ஸ்கேன் செய்து, 4கே-யில் வேலை பார்த்துப் புதிதாக வெளியிட்டார்கள். ராபர்ட் ஹாரிஸ் என்று ஒருவர், 1991-இல் இதே படத்தைக் கையால் ஒட்டி மீட்டுக் கொடுத்தவர், இந்த முறையும் கூட இருந்தார். உன்னிடம் இருப்பது அந்த வேலையிலிருந்து வந்த டிஸ்க்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய பாவம் ஞாபகம் வருகிறது, உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்டூடியோ தொடங்கிய புதிதில் ஓர் அம்மா, காலமாகிவிட்ட தன் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து, பெரிதாக்கி மாட்டுவதற்குக் கேட்டார். அவருக்கு முகம் நிறைய அம்மைத் தழும்பு. நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, நெகட்டிவில் பென்சிலும் பிரிண்டில் பிரஷுமாக டச்சிங் செய்து, முகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். பெருமையாக நீட்டினால், அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தழும்பு எங்க தம்பி?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. காசு வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

சரி, நீ ஒரு கேள்வி கேட்பாய்: அப்படியானால் கீறல், கறை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட வேண்டுமா? கூடாது. கீறலும் தூசியும் பின்னால் வந்து சேர்ந்தவை, அவற்றை எடுக்கத்தான் வேண்டும். துகள் பிறவியிலேயே இருப்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்தான் இந்த வேலைக்கு வேண்டும். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்குப் பார்த்த வேலையைச் சொல்கிறேன். அது 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்த படம். சாதாரண 35 மில்லிமீட்டர் ஃப்ரேமைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பரப்பு. ஐம்பதாவது ஆண்டு 2012-இல் வருவதை ஒட்டி, நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்தார்கள். அத்தனை துல்லியத்தில் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் பூச்சில் நுணுக்கமான விரிசல்கள் இருப்பது தெரிந்தது. பாலைவனச் சூடு பட்டு அந்தப் பூச்சு காய்ந்து வெடித்தது. வயல் வெடிப்பு மாதிரி, ஆனால் தலைமயிரைவிட மெல்லிசாக. அந்த விரிசல்களை மட்டும் நிரப்ப வழி கண்டுபிடித்து, துகளைத் தொடாமல் விட்டார்கள். அதனால்தான் அந்தப் படத்தில் மணல் மணலாக இருக்கிறது.

1986-இல் நாம் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்து என் வீட்டு முன்கட்டில் அதைப் பார்த்தோமே. உமர் ஷெரீஃப் கானல் நீருக்குள்ளிருந்து ஒட்டகத்தில் வருகிற காட்சியில், “என்னடா, எவன் வரான், ஒன்னும் தெரியலையே” என்று நீ டிவி பெட்டியைத் தட்டினாய். அங்கே தெரிய வேண்டியதே ஒரு பொட்டுதான். அடிவானத்தில் நடுங்குகிற ஒரு கறுப்புப் பொட்டு. கேமராமேன் ஃப்ரெடி யங் 482 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு எடுத்தது. அந்தப் பொட்டு நீளும், நீரில் கரைகிற மாதிரி ஆகும், மறுபடி சேரும், அப்புறம்தான் ஒட்டகம், அப்புறம்தான் ஆள். கேசட்டில் அந்தப் பொட்டே கிடையாது, சாம்பல் குழம்பு. போன வாரம் 4கே டிஸ்க்கில் பார்த்தேன், அந்தப் பொட்டு முதலில் எந்த இடத்தில் முளைக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். நாம் அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை மாப்ளே. கதையைத் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

கறுப்புப் பட்டையும் அதே சங்கதிதான். கேசட்டில் பட்டை இல்லாமல் டிவி நிறையத் தெரிந்ததே என்பாய். நிறைத்தது எப்படி? இரண்டு பக்கத்தையும் வெட்டித்தான். ‘பென்-ஹர்’ அகலம் உயரத்தைப்போல 2.76 பங்கு. பழைய சதுர டிவியில் அதை நிறைத்தால் பாதிப் படத்துக்கு மேல் வெளியே போய்விடும். தேர்ப்பந்தயத்தில் நாலு வெள்ளைக் குதிரை பூட்டிய தேர், டிவியில் இரண்டும் அரைக்குதிரையுமாக ஓடியது அதனால்தான். ‘ஸ்பார்டகஸ்’ 2.20 பங்குதான். உன் டிவி உயரத்தில் ஐந்தில் நாலு பங்கு படம், ஒரு பங்கு கறுப்பு. அந்த ஒரு பங்கைக் கொடுத்துத்தான் முழுப் படத்தை வாங்குகிறோம். ரிமோட்டில் ஜூம் இருக்கிறது என்று யாராவது அமுக்கினால் விடாதே.

இன்னொன்று, உனக்கு நிச்சயம் பிடிக்கும். ‘ஸ்பார்டகஸ்’ எடுத்தது டெக்னிராமா முறையில். 35 மில்லிமீட்டர் ஃபிலிமைத்தான் ஓட்டினார்கள், ஆனால் மேலிருந்து கீழாக இல்லாமல் படுக்கை வாட்டத்தில், ஓரத்தில் ஃப்ரேமுக்கு எட்டுத் துளை. என் ஸ்டில் கேமராவில் ரோலுக்கு 36 படம் எடுப்பேனே, ஏறக்குறைய அதே அளவு ஃப்ரேம்! நான் கல்யாண வீட்டில் ஒரு க்ளிக்குக்குச் செலவழித்த ஃபிலிமை அவர்கள் விநாடிக்கு 24 தடவை செலவழித்திருக்கிறார்கள். 1956-இல் வந்த ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ எடுத்த விஸ்டாவிஷனும் இதே படுக்கை வாட்டம்தான். அதை இப்போது துல்லியமாகப் பார்த்தால், செங்கடல் பிளக்கிற இடத்தில் ஒட்டு வேலை செய்த விளிம்பு ஆட்களைச் சுற்றித் தெரிகிறது. அதையும் அழிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மனிதக் கை செய்த வேலை அது.

சாயம் வெளுக்கிற விஷயத்தில்தான் இந்தப் படக்காரர்கள் நம்மைவிடப் பிழைத்தார்கள். 70-களில், 80-களில் நான் எடுத்த கலர் கல்யாண ஆல்பங்களை இன்று திறந்தால் எல்லாம் ஒரே செம்மண் நிறம். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே நிற்கிறது, வெள்ளி வெளுக்காது. சாயம்தான் போகும். ‘ஸ்பார்டகஸ்’ கலர் நெகட்டிவும் அப்படி வெளுத்துத்தான் போனது. ஆனால் ஆரம்பத்திலேயே மூன்று நிறத்தையும் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதிகளாக எடுத்து வைத்திருந்தார்கள். 1991-இல் அந்த மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று சேர்த்துத்தான் நிறத்தை மீட்டார்கள். குளியல் காட்சி ஒன்று சென்சாரில் போனது, படம் கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. அதில் நடித்த லாரன்ஸ் ஒலிவியர் 1989-இல் இறந்துவிட்டார். அவர் குரலை அந்தோணி ஹாப்கின்ஸ் பேசினார். கேட்டுப் பார், கண்டுபிடிக்க முடியாது.

நம் ‘கர்ணன்’ நினைவுக்கு வராமல் இருக்குமா? 1964 படம், ஈஸ்ட்மென் கலர், குருக்ஷேத்திரத்துக்கே போய்ப் போர்க்களம் எடுத்தார்கள். 2012-இல் புதுப்பித்து வெளியிட்டபோது நூறு நாள் தாண்டி ஓடியதே, நீ திருப்பூரிலும் நான் இங்கேயுமாகப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு போனில் பேசினோமே. அந்தத் தேர்ச்சக்கரச் சேறும் சிவாஜியின் கண்ணும் இந்த ‘லாரன்ஸ்’ டிஸ்க் தரத்தில் ஒருநாள் என் வீட்டு டிவியில் தெரிய வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. நம் முதல் பேசும் படம் 1931 ‘காளிதாஸ்’ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருக்கிற படங்களையாவது துகள் போகாமல், தலையும் காலும் வெட்டாமல் யாராவது எடுத்து வைக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்குச் சில நாள் தூக்கம் வருவதில்லை.

இப்போது டிவியைச் சரி செய். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பிக்சர் மோடில் ‘விவிட்’ என்று இருக்கும், அதை விட்டுவிட்டு ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ வை. ஷார்ப்னஸை நன்றாகக் குறை. நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று இருப்பதை ஆஃப் செய், துகளைத் துடைக்கிற திருடன் அதுதான். மோஷன் என்று ஏதாவது இருந்தால் அதையும் ஆஃப் செய், இல்லாவிட்டால் ரோமாபுரி சீரியல் மாதிரி ஓடும். முன் ஹால் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, பின்பக்கம் சின்ன பல்பு ஒன்று போதும். ஓடிடியிலேயே பார்க்கலாமே என்று மகன் சொன்னால், அவசரத்துக்குப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் இணையத்தில் அனுப்ப ஃபைலை நசுக்கும்போது முதலில் அடிபடுவது துகளும் மணலும் புகையும்தான். டிஸ்க்கில் அதற்கு இடம் இருக்கிறது.

தங்கச்சியிடம் நான் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு அப்புறம் டாக்டர் பயணம் போகலாம் என்றால் இங்கே வந்துவிடு. கீழ் அறையைத் தயார் செய்து வைக்கிறேன், படி ஏற வேண்டியதில்லை. ‘லாரன்ஸ்’ முழுசாகப் பார்ப்போம். ஏறக்குறைய நாலு மணி நேரம், நடுவில் இடைவேளை இருக்கிறது, அப்போது காலை நீட்டிக்கொள்ளலாம். தொடங்கியதும் நாலு நிமிஷத்துக்கு மேல் திரை இருட்டாகவே இருக்கும், மோரிஸ் ஜாரின் இசை மட்டும் வரும். படம் வரவில்லை என்று எழுந்துவிடாதே, அப்படியே உட்கார்ந்திரு.

உன்
ஸ்டூடியோக்காரன்