கதிரை மாறினால் பார்வை மாறுமா?

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோசம். இங்கே வெட்டு முடிந்துவிட்டது. நெல் விலைதான் சரியில்லை.

போன கிழமை அரசறிவியல் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஜேவிபி கட்சியின் இன்றைய தலைவர் அநுர குமார திசாநாயக்க, ஜனாதிபதியானதும் முதல் பயணமாக டெல்லிக்குப் போனது எப்படி?" நல்ல கேள்வி. 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று தொண்டர்களுக்கு வகுப்பெடுத்த கட்சி அது. 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது பாதுகாப்பு உடன்படிக்கையும் எழுதினார்கள்.

நாடுகளின் உறவைப் பலத்தை வைத்து விளக்கும் யதார்த்தவாதிகளிடம் இதற்குப் பதில் தயாராக உண்டு. கென்னத் வால்ட்ஸின் வழியில் சொன்னால், கதிரையில் யார் இருந்தாலும் பக்கத்திலுள்ள பெரிய நாட்டின் பலம் அவரை வளைக்கும். 2022இல் நாடு வங்குரோத்தானபோது ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியது இந்தியாதானே. ஆனால் அதே இந்தியாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன பத்து வருடம் மேற்குப் பக்கம் சாய்ந்து நின்றார். 1987 யூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொதி போட்ட பிறகுதான் வழிக்கு வந்து, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஒரு தலைவர் கடைசியில் எங்கே வந்து நிற்பார் என்பதை யதார்த்தவாதம் சொல்கிறது. அதுவரை ஏன் அப்படி நினைத்தார் என்பதைச் சொல்வதில்லை.

அதற்கு அலெக்சாண்டர் வென்ட் போன்ற கட்டுமானவாதிகளிடம் போகவேண்டும். நாம் யார், எதிரி யார் என்ற எண்ணத்திலிருந்தே நலனும் பிறக்கிறது என்பது அவர்கள் வாதம். இந்தியாவோடு எங்களுக்குத் 'தொப்புள்கொடி உறவு' என்ற எங்கள் தமிழ்த் தலைவர்களின் பேச்சுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஆனால் முல்லைத்தீவுக் கரையில் அது இடிக்கிறது. அங்கே ஒரு ஐயா வலையைத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு ஆள் நுழையக்கூடிய கிழிசல், ஓரத்தில் மிதவைகள் இல்லை. இரவில் வந்த இந்திய இழுவைப்படகு செய்த வேலை. கடனுக்கு வாங்கிய வலையாம். அவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்தியாவையே நம்பியிருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிலிருந்துதான், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியைத் தடைசெய்யும் தனிநபர் சட்டமூலம் வந்தது. அதன் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்தார், 2017 யூலையில் நிறைவேறியது. எங்கள் பக்கத்து இழுவைக்காரரையும் அது கட்டுப்படுத்தும். வாக்களிக்கும் சனத்தின் நலன் தலைவர்களின் வெளியுறவுப் பார்வைக்குள் நுழைவதைத் தாராளவாதிகள் விளக்குகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கமே மனம் சாய்கிறது.

கொழும்புத் தலைவர்களை இப்படி அலசுகிற நாங்கள், எங்கள் ஆட்களை மட்டும் 'துரோகியா, தியாகியா' என்ற ஒரே தராசில் போடுகிறோம். அதுதான் என் கவலை. டெல்லிக்கோ ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கோ போகிறவரிடம் யாருடைய நலனைக் கொண்டுபோகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கப் பழகவேண்டும்.

நீ இதை ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். எங்கே பிழை என்று விரிவாக எழுது, வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன். அப்புறம், வென்டின் 1992 கட்டுரை உன்னிடம் இருந்தால் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்