வெளுத்த சாயநீர் குறித்துச் சுத்திகரிப்பு நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் வட்டாரப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்திவரும் பெரியோர்களுக்கு வணக்கம்.

நொய்யல் கரையில் பிறந்து, கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்துவரும் நான் கேட்பது ஒன்றுதான்: பாக்டீரியாக்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் உயிரியல் தொட்டி சரியாக வேலை செய்கிறதா என்பதை நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

பனியன் துணிக்கு ஏற்றும் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாக்களின் அசோரிடக்டேஸ் நொதி, இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை அறுத்ததும் நிறம் போய்விடும். ஆனால் அதன் இருபுறமும் இருந்த பென்சீன், நாப்தலீன் வளையங்கள் அரோமாட்டிக் அமீன்களாக (கார்பன் வளையத்தோடு நைட்ரஜன் சேர்ந்த பொருட்களாக) நீரிலேயே தங்கிவிடுகின்றன, அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. எங்கள் ஆய்வகத்தில் கறுப்புச் சாயநீரோடு பாக்டீரியாக்கள் நிறைந்த வண்டலைக் கலந்து மூடிவைத்த குப்பி சில நாட்களில் வெளுத்தது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு மதிய உணவு முடித்து வந்தபோது, மேற்பரப்பிலிருந்து பழுப்பு இறங்கத் தொடங்கியிருந்தது; காற்றுப் பட்ட அமீன்களின் நிறம் அது.

வளையத்தை உடைக்க ஆக்சிஜன் வேண்டும். டைஆக்சிஜனேஸ் நொதிகள் ஆக்சிஜனை வளையத்தில் பொருத்த, அது கேட்டகால் போன்ற இடைப்பொருளாகிறது. வேறொரு டைஆக்சிஜனேஸ் அந்த வளையத்தைப் பிளந்த பிறகே மிச்சம் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. இதற்கான மரபணுக்கள் எந்நேரமும் இயங்குவதுமில்லை. சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவின் டால் (TOL) பிளாஸ்மிடை, அதாவது இத்தகைய மரபணுக்களைச் சுமக்கும் தனி டி.என்.ஏ. வளையத்தை, எடுத்துக்கொண்டால், டொலுயீன் என்ற வளையப் பொருள் வந்து கட்டுப்பாட்டுப் புரதத்தோடு சேர்ந்தால்தான் நொதித் தயாரிப்பே தொடங்கும். அந்தப் பிளாஸ்மிடு ஒரு பாக்டீரியத்திலிருந்து அடுத்ததற்குத் தாவவும் செய்யும். ஆகவே பல ஆண்டு சாயநீரில் பழகிய உங்கள் வண்டலே பெரிய மரபணுச் சேமிப்பு. பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியாப் பொடிக்குப் பணம் கொடுக்குமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு நீங்கள் பட்ட செலவை அறிவேன். உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது, அதற்கு ஆர்.ஓ. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும்தான் வழி என்பதையும் மறுக்கவில்லை. சல்போனேட் என்ற கந்தகத் தொகுதி சேர்ந்த அமீன்கள் எளிதில் மசியாதவை என்பதும் உண்மை. ஆனாலும், மின்கட்டணத்துக்கு அஞ்சி தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயரை இரவில் நிறுத்தினால் வளையத்தை உடைக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். நிறம் போகவேண்டி உயிரியல் தொட்டிக்கு முன்னால் குளோரினை மிகையாக ஊற்றினால் அந்தப் பாக்டீரியாக்களே செத்துப்போகும்.

மாதம் ஒருமுறையேனும் காற்றேற்றத் தொட்டிக்கு முன்னும் பின்னும் மொத்த அரோமாட்டிக் அமீன் அளவைச் சோதித்து, முடிவைப் பட்டறைக்காரர்களுக்கும் கீழ்க்கரை விவசாயிகளுக்கும் காட்டுங்கள். அனுமதித்தால் நானும் மாணவர்களும் குப்பிகளோடு வருகிறோம். நள்ளிரவு ஷிப்டு மாறும் நேரத்து நீரையும் எடுக்க விடுங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரை நுண்ணுயிரியல் ஆசிரியன்