‘சேமிக்கப்பட்டது’ என்றால் எங்கே? இணையச் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி நிரலாளர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பரில், பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைபுரண்டபோது, உச்சிமேட்டில் வீடு வீடாகப் போய்ச் சேதக் கணக்கு எடுத்தேன். நோட்டில் எழுதவில்லை, பிரவுசரில் திறக்கும் ஒரு செயலியில் பதிந்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும் என்றார்கள், ஓடியது. ஒவ்வொரு வீடு முடிந்ததும் பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும். ஓர் ஆயா பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். செத்துப்போன இரண்டு ஆடுகளின் நிறத்தைக்கூட எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அப்புறம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். அதற்குள் வெள்ள வீடியோக்கள் வந்து போன் நிரம்பி வழிந்தது. எழுந்து செயலியைத் திறந்தால் ஒரு வீடுகூட இல்லை.

விசாரித்த பிறகுதான் புரிந்தது. பிரவுசர் தளங்களுக்குத் தருவது இரவல் இடம். போனில் இடம் நெருக்கினால், அதிக நாள் தொடாத தளத்தில் தொடங்கி, அதன் தரவு மொத்தத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்துவிடும். ஐபோனின் பிரவுசரான சஃபாரி இன்னும் கறார்: 2020 முதல், பிரவுசரைப் பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் ஒரு தளத்தைத் தொடாவிட்டாலே அது வைத்த தரவு போய்விடும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு மட்டும் விலக்கு.

இது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. ‘பெர்சிஸ்ட்’ என்ற கட்டளையை ஒரு வரியில் எழுதி பிரவுசரிடம் நிலையான இடம் கேட்கலாமே! ஃபயர்ஃபாக்ஸ் எங்களிடம் கேட்கும், குரோம் தானே முடிவெடுக்கும். மறுத்தால், மறுத்ததை எங்களிடம் சொல்லுங்கள். எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ‘எஸ்டிமேட்’ என்ற கட்டளை உத்தேசமாகச் சொல்லும், அதையும் காட்டுங்கள். சுமார் 5 எம்பி மட்டுமே கொள்ளும், லோக்கல் ஸ்டோரேஜ் என்ற பிரவுசரின் சின்ன சேமிப்பிடத்தில் புகைப்படங்களைத் திணிக்காதீர்கள்.

அனுமதி விஷயமும் இப்படித்தான். திறந்த உடனேயே இருப்பிடம், கேமரா, அறிவிப்பு என்று வரிசையாகக் கேட்டது. என்னோடு வந்த பெண்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார்கள். பிறகு படம் எடுக்க முடியவில்லை. முகவரிக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு அதை மாற்றலாம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? படம் எடுக்கும் பொத்தானை அழுத்தும்போது கேமராவைக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

அந்த ஆயாவிடம் மறுபடி போனேன். “அன்னிக்கே எழுதிட்டுப் போனியே கண்ணு” என்றார். ஆடுகளின் நிறத்தை இந்த முறை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பச்சை எழுத்தை எடுத்துவிட்டு, ‘இந்தப் போனில் மட்டும் இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை’ என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூர்த் தன்னார்வலர் ஒருவர்