பிள்ளைகளை அரை மணி நேரம் பிடித்து வைத்தால் கோபிக்க வேண்டாம்

வாடிப்பட்டி,
மாசி கடைசி வாரம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை உங்கள் பிள்ளைகள் தொப்பலாக நனைந்து வீடு வந்ததற்கு நான்தான் காரணம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதை நம்பி விளையாட்டு விழா ஒத்திகையை மூன்று மணிக்கு மைதானத்தில் வைத்தேன். இரண்டரை மணிக்கே, பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி வாசலில் நின்று, “சிறுமலைப் பக்கம் கருக்கட்டுதே டீச்சரம்மா, பிள்ளைகள உள்ள கூப்பிட்டுக்கங்க” என்றார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். அதில் சூரியன் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். வெள்ளைச் சட்டையில் செம்மண் கறை போக எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் இந்த நாட்கள் எப்போதும் இப்படித்தான். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பது விடியற்காலைக்குப் பொருந்தும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிடுவதால், வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் உள்ள ஈரம் பனிமூட்டமாகிக் கீழேயே படுத்துக் கிடக்கிறது. நாலுவழிச் சாலையில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போகின்றன. ஒன்பது மணிக்குள் அது கலைந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். ஆகவே ஸ்வெட்டரும் வேண்டும், தண்ணீர் பாட்டிலும் வேண்டும். குடையையும் பையிலேயே போட்டுவிடுங்கள்.

மூன்று மணிக்கு மேல்தான் சங்கதி. சூடேறிய மலைச்சரிவிலிருந்து காற்று மேலே கிளம்புகிறது. கிழக்கிலிருந்து கடலின் ஈரமும் வந்து சேர்ந்த நாட்களில், உச்சிப்பொழுதில் பஞ்சுப் பொதி மாதிரி தட்டையான அடியோடு மிதந்த மேகம் காலிஃபிளவர் போல மேலே மேலே குமிழ்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் போனதும் தலை தட்டிப்போய், கொல்லன் பட்டறையின் அடைகல் போல அகலமாக விரியும். அந்தத் தலையைப் பார்த்துவிட்டால் இடி மின்னலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று நினைக்கக் கூடாது.

அதனால் திங்கட்கிழமையிலிருந்து ஒரு ஏற்பாடு. தினமும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், ஓர் ஆசிரியரோடு நின்று சிறுமலைப் பக்கம் பார்த்துச் சொல்வார்கள். இடிச் சத்தம் கேட்டால் மைதானம் காலி. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை ஒரு பிள்ளையையும் வாசலுக்கு வெளியே விட மாட்டேன். கூட்டிப்போக வருகிறவர்கள் தயவுசெய்து வாசல் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே சத்துணவுக் கூடத்தில் உட்காருங்கள். மின்னலுக்கு உயர்ந்த மரம் என்றால் கொண்டாட்டம்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். அறுப்பு முடிந்து களத்தில் நெல் காய்கிற நேரம் இது. மழை கருக்கட்டினால் தார்ப்பாய் இழுத்து மூட இன்னொரு கை வேண்டும் என்பது உண்மைதான். நானும் களத்து மேட்டில் வளர்ந்தவள். ஆனாலும் “பையனைச் சீக்கிரம் அனுப்புங்க” என்று இடி இடிக்கும்போது போன் செய்யாதீர்கள். நெல் நனைந்தால் திரும்பக் காயப்போடலாம்.

நனைந்ததில் ஒரு லாபமும் உண்டு. மறுநாள் ஐந்தாம் வகுப்பில் மேகத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. சரி என்று, நான்கு முதல் எட்டு வரை எல்லோருக்கும் மேக நோட்டு போடச் சொல்லிவிட்டேன். உலக வானிலை நாளான மார்ச் 23 வரை தினமும் ஒரு படம், ஒரு வரி. 1802-இல் லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வணிகர் மேகங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டினார்; இன்றும் உலகம் அந்த வகையில்தான் மேகங்களைப் பிரிக்கிறது. எங்கள் பிள்ளைகளும் சளைக்கவில்லை. உயரத்தில் பனிக்கட்டித் துகள்களாலான கீற்று மேகத்துக்கு ‘கோழி இறகு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டில் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா இருந்தால் மொட்டை மாடியில் வைக்க அனுமதியுங்கள். வானிலைத் துறை மழையை அளக்கும் காலை 8.30 மணிக்கே நாமும் ஸ்கேலால் அளப்போம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்கள் மாடிக்கு எத்தனை குடம் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். மின்னினால் இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். இதை ஜன்னலுக்கு உள்ளே இருந்துதான் செய்ய வேண்டும், மாடியில் நின்று அல்ல.

வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த மழைக் குறிகளையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தும்பி தாழப் பறப்பது, எறும்பு முட்டை தூக்கிப்போவது, எதுவானாலும் சரி. பலித்ததா இல்லையா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பாட்டியை மட்டும் ஒருநாள் வகுப்புக்கே அழைக்கப் போகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: வியாழக்கிழமை மழைக்குப் பின் அலுவலக அறையில் மூன்று குடைகளும் ஒற்றைக்கால் செருப்பு ஒன்றும் கிடக்கின்றன. பூப்போட்ட குடையின் கம்பி ஒடிந்திருக்கிறது. அது பள்ளிக்கு வருவதற்கு முன்பே ஒடிந்ததுதானா என்று உரியவர்கள் வந்து சொல்லவும்.