ஒலிபெருக்கி பழுதில்லை, அது அப்பாவின் காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சங்கரன்கோவிலில் ஓட்டமில்லாமல் கிடக்கும் ஒரு தறிக்கூடத்தில் நானும் நண்பர்கள் மூவரும் வைத்திருக்கும் ஒலி-ஒளிக் காட்சியைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். முதல் அறையில் புரொஜெக்டர் பழசாகி படமெல்லாம் மஞ்சளடித்துப் போயிருந்தது, இரண்டாவது அறையில் ஒலிபெருக்கி பழுதாகி ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, நாலு பேரைக் கூப்பிடுமுன் சரிபார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். பஸ் பிடித்து வந்து பார்த்தவர், அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டும் பழுதில்லை. அந்த மஞ்சள் என் அம்மாவின் இடது கண். அந்தத் தெளிவில்லாத பேச்சு என் அப்பாவின் காது.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள், பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. போன வருஷம் அம்மா தினமும் பூக்காரரிடம் சண்டை போட ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, நேத்துப் பூவை இன்னைக்கு என் தலையில கட்டுதீரே, எல்லாம் பழுத்துக் கெடக்கு" என்பாள். நான் பார்த்தால் மல்லி பால் மாதிரி இருக்கும். கண்ணில் புரை என்று அப்புறம்தான் தெரிந்தது. புரை விழுந்த லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியைத் தடுத்துவிடும். அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் பார்க்கிறவருக்கே தெரிவதில்லை. அம்மாவுக்குப் பூதான் பழுத்தது, கண் அல்ல.

முதலில் வலது கண்ணில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியைப் பார்த்து, ஒரு கண்ணைப் பொத்தினாள், மறு கண்ணைப் பொத்தினாள், மாற்றி மாற்றிப் பொத்தினாள். "ஏட்டி, இந்தக் கண்ணுக்கு வேட்டி. அந்தக் கண்ணுக்கு டீயில முக்குன வேட்டி" என்றாள். இடது கண்ணுக்கு அறுவை ஒன்றரை மாதம் கழித்து. ஒரே ஆளுக்கு ஒரு பழைய கண்ணும் ஒரு புதுக் கண்ணும் இருக்கப்போவது அந்த ஒன்றரை மாதம்தான். அதை விட மனம் வரவில்லை.

பூ மார்க்கெட்டில் விடியற்காலை ஏலத்தைப் பத்து நிமிடம், கேமராவை நகர்த்தாமல் எடுத்தேன். எடுத்தபடியே ஒரு திரை, நான் நிறம் மாற்றியது ஒரு திரை. அசலை இடது கண்ணாலும், மாற்றியதை வலது கண்ணாலும் அம்மா பார்ப்பாள். இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை நான் மாற்ற வேண்டும். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்து" என்பாள், நீலத்தைக் குறைப்பேன். மஞ்சள் மட்டும் போதவில்லை. ஏலக்கடை பல்பைக் காட்டி, "இது இப்படிக் குத்துனாப்புல நிக்காது, பூவா விரியும்" என்றாள். அதற்கு மேல் ஒரு மூட்டம் சேர்த்தேன். பன்னிரண்டு சாயங்காலம் ஆனது. கடைசியில் கனகாம்பரத்தில்தான் மாட்டிக்கொண்டோம், அந்த நிறம் இன்னும் முழுதாக ஒத்துவரவில்லை என்பதே என் எண்ணம்.

பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923இல் வலது கண்ணில் மட்டும் புரை அறுவை நடந்ததையும், நிறங்கள் மாறித் தெரிந்து அவர் தவித்ததையும் பின்னால் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கும் யாராவது பூ விக்க வந்திருப்பாக" என்றாள்.

அப்பாவின் கதை வேறு. முப்பத்தொரு வருஷம் விசைத்தறி. ஊடைநூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா ஓயாமல் அடிக்கிற கூடத்துக்குள் பக்கத்தில் நிற்பவரிடம்கூட வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் பேச முடியும். எட்டு மணி நேர வேலைக்குச் சத்தம் 90 டெசிபல்தான் எல்லை என்பது தொழிற்சாலை விதி. தறிக்கூடத்தில் அது எளிதாகத் தாண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டவரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. நாங்கள் இப்போது தென்காசி மாவட்டம் என்றாலும் இதற்கெல்லாம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். அங்கே எடுத்த கேட்புச் சோதனை வரைபடத்தில் அப்பாவின் கோடு 2000 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு கீச்சு என்பதன் அளவு) வரை ஓரளவு நேராகப் போய், 4000இல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. மெல்லின எழுத்துகளும் உயிரெழுத்துகளும் வரும், ச, த போன்றவை சரியாக வராது. அதனால் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. வீட்டில் நாங்கள் இத்தனை வருஷமும் கத்திக்கொண்டே இருந்தது வீண்.

அந்தக் கோட்டைப் பார்த்து ஏலத்தின் ஒலியில் மேல் அலைவரிசைகளை, அதாவது கீச்சான பகுதியை, வெட்டினேன். அப்பாவுக்கு அசலையும் வெட்டியதையும் அடுத்தடுத்துப் போட்டேன். முதல் மூன்று முறை "வித்தியாசம் இருக்கு" என்றார். இன்னும் வெட்டினேன். நாலாவது முறை, "ரெண்டும் ஒண்ணுதானளா, எதுக்கு ரெண்டு தடவ போடுத?" என்று கேட்டார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதே ஒலியை நான் காதில் மாட்டிக் கேட்டபோது ஏலக்காரர் சொல்வது அறுபதா எழுபதா என்று எனக்கும் தெரியவில்லை. அப்புறம் அப்பா ஒன்று சேர்க்கச் சொன்னார். தறி நின்ற பிறகும் காதுக்குள் நிற்காத ஒரு கீச்சு. கைப்பேசியில் ஒலியின் சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன், 5000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கையைத் தூக்கினார். அந்த வாசகர் "ஒலிபெருக்கி இரைச்சல்" என்று குறிப்பிட்டிருப்பது அதுதான்.

எங்கள் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாவதாக ஓர் அறை உண்டு. அதே ஏலம், எடுத்தது எடுத்தபடி அங்கே ஓடுகிறது. முதல் இரண்டில் இருந்துவிட்டு அங்கே போனால்தான் எதை இழந்திருந்தோம் என்று தெரியும். முன்கூட்டியே விளக்கம் ஒட்டினால் மக்கள் படித்துவிட்டுப் போய்விடுவார்கள், பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த அறையின் திரைச்சீலை இருட்டில் சுவரோடு சுவராக மறைந்துவிட்டது. அந்த வாசகர் அதைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறார். மன்னிக்க வேண்டும். இப்போது வாசலில் ஒரு சின்ன விளக்கு தொங்குகிறது. திரைகளையும் மாற்றிவிட்டோம். முதலில் கட்டிய காடாத் துணியில் இயல்பாகவே பழுப்புச் சாயல் இருந்ததால் மூன்றாவது அறையிலும் லேசாக மஞ்சள் தட்டியது. இப்போது வெளுத்த துணி.

தறிக்காரர்கள் பலர் வந்து பார்த்தார்கள். இரண்டாவது அறையில் ஒருவர் மனைவியிடம், "எனக்கு நல்லாத்தான கேக்கு" என்றார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை, மூன்றாவது அறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தத் தறிக்காரர் மறுவாரம் ஹைகிரவுண்டுக்குப் போய் வந்ததாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

காட்சி இந்த மாதக் கடைசி வரை, தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு. கட்டணம் இல்லை. கடிதம் எழுதிய வாசகர் இன்னொரு முறை வர வேண்டும், மூன்றாவது அறையில் ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அப்பாதான். அவரிடம் ஏதாவது கேட்பதென்றால் கத்த வேண்டாம். முகத்துக்கு நேரே நின்று நிதானமாகக் கேளுங்கள், பதில் சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்கரன்கோவில்.