மோஜிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு திறந்த மடல்

அமெரிக்க ராக் குழுவான டாக்கிங் ஹெட்ஸின் 'சிறந்த பாடல்கள்' தொகுப்புகளையும் வானொலிப் பட்டியல்களையும் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். 2004இல் வந்த 18 பாடல் தொகுப்பில் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்துக்குக் கிடைத்த இடம் இரண்டு: 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்', 'ஹவுசஸ் இன் மோஷன்'. இரண்டும் நல்ல பாட்டுகள்தான், சண்டை இல்லை. நான் கேட்பது அதே இசைத்தட்டின் அதே பக்கத்தில், கடைசிக்கு முந்தியதாக உட்கார்ந்திருக்கும் 'லிசனிங் விண்ட்' பற்றி.

பாட்டைக் கேட்டிராதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். எந்த நாடு என்று சொல்லவில்லை. மோஜிக் என்ற ஒருவன் பக்கத்துக் குன்றிலிருந்து தன் கிராமத்தைப் பார்க்கிறான். அமெரிக்கர்கள் வருவதற்கு முந்தைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், ஆடம்பரமான வீடுகளில் இருக்கிறார்கள். இவன் கை நடுங்க ஒரு பொட்டலத்தைப் பிடித்திருக்கிறான். அது ஓர் அமெரிக்கனுக்குப் போகிறது. சந்தையில் சாமான் வாங்குகிறான், சுதந்திர வர்த்தக வலயத்தில் எதையோ வைத்துவிட்டு வருகிறான். அப்புறம் அமைதியான ஓரிடத்தில் செய்திக்காகக் காத்திருக்கிறான். வெடித்ததா, யார் செத்தார்கள், அவன் பிடிபட்டானா, எதுவும் நமக்குத் தெரியாது. குண்டு என்ற பேச்சே பாட்டில் இல்லை.

சரணங்கள் எல்லாம் 'அவன்' கதை. செய்தி வாசிப்பதுபோல குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் விலகி நின்று சொல்கிறார். பல்லவி வந்ததும் ஆள் மாறிவிடுகிறார். நெஞ்சுக்குள் காற்று வீசுவது இப்போது 'எனக்கு'. அவர்களை விரட்டு என்று காற்றிடம் வேண்டுவதும் 'நான்'. மெட்டு அழகாக இருக்கிறதே என்று கூடவே முணுமுணுப்பவர் யாராக இருந்தாலும், அந்த நிமிடம் மோஜிக்கின் வேண்டுதலைத்தான் தன் வாயால் சொல்கிறார். அடுத்த சரணத்தில் மறுபடி 'அவன்'. உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, மறுபடி இழுக்கிற இந்த வேலையை இவ்வளவு சத்தமில்லாமல் செய்த ராக் பாட்டு எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இசையும் அதற்கு ஒத்துழைக்கிறது. ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க ஓட்டம். ஃபேலா குட்டியின் நைஜீரிய இசையைக் கேட்டுக் கிறங்கியவர்கள், ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் அடுக்கடுக்காக ஏற்றியிருப்பார்கள். இந்தப் பாட்டில் அந்த அவசரம் கிடையாது. மெதுவான தாளம், மேலே ஊளையிடுவதுபோல வந்து போகும் ஒலிகள். கோபம் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை.

உங்கள் தயக்கத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. 2001 செப்டம்பருக்குப் பிறகு இதை ஓர் அமெரிக்க வானொலியில் காலை நேரத்தில் போடுவது லேசான காரியம் அல்ல. ஆனால் 1980 மட்டும் லேசான காலமா? பஹாமாஸ் தீவின் காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவுடன் இவர்கள் இந்த ஆல்பத்தைத் தொடங்கி, அக்டோபரில் வெளியிட்டபோது, டெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நியூயார்க் குழு ஒன்று மறுபக்கத்து ஆளின் மனசுக்குள் போய்ப் பார்த்தது. அட்டையைத் திருப்பினால் அமெரிக்கக் கடற்படையின் போர் விமானங்கள் சிவப்பு நிறத்தில் பறக்கின்றன. பாஸ் கிதார் வாசித்த டீனா வேமவுத்தின் அப்பா அதே கடற்படையில் அட்மிரல். அந்த விமானங்களும் மோஜிக்கும் ஒரே உறைக்குள் இருக்கிறார்கள்.

பாட்டில் குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். காற்றோடு பேசும் கிராமத்தான் என்பது நகரத்து வெள்ளைக்காரரின் பழைய கற்பனை. அந்த வாசம் இதில் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் பிறந்த பாடகி ஆஞ்சலீக் கிஜோ 2018இல் இந்த ஆல்பம் முழுவதையும் தன் பாணியில் பாடி வெளியிட்டபோது இதை ஒதுக்கவில்லை. அவர் குரலில் அந்த 'நான்' வேறு கனத்தோடு வருகிறது. அதற்கு முன்பே, 2010இல், ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியல் இதைக் கிதாரும் டிரம்ஸும் இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வைத்துப் பாடியிருக்கிறார். அடுத்தவர்கள் தேடி எடுத்துப் பாடுகிற பாட்டு, சொந்தக் குழுவின் தொகுப்பில் இல்லை.

அடுத்த தொகுப்பில் இதை முழுசாகச் சேருங்கள். நீளம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவுதான். தயவுசெய்து 'மாலை நேர மெல்லிசை' பட்டியல் எதிலும் தள்ளிவிடாதீர்கள். அதற்குச் சேர்க்காமலே இருக்கலாம். இடமில்லை என்று சொன்னால், 'வைல்டு வைல்டு லைஃப்' பாட்டை எடுத்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கேட்பவர்